பூசைக்கு ஆகாத பூ

1959, ஆவணி 8, திங்கள்

வெயில். ஆவணி வந்துவிட்டது என்று பஞ்சாங்கத்துக்கு மட்டும்தான் தெரியும். எட்டு மணிக்கே கிணற்றடிக் கல்லில் கால் வைக்க முடியவில்லை.

இன்று வழக்கு ஆரம்பம். அத்தை புராணத்தய்யா வீட்டுப் பக்தை, போகாமல் இருக்க மாட்டாள், துணை வேண்டும். அப்பா வழக்கம்போல ஏழு மணி பஸ்ஸில் திருத்தங்கல் பிரஸ்ஸுக்குப் போய்விட்டார். ஆகவே நான். கையோடு கொண்டுபோன ரஷ்ய நாவலில் (மொழிபெயர்ப்பு, வெள்ளிக்கிழமை லைப்ரரிக்குத் திருப்ப வேண்டும்) ஒரு பக்கம்கூட ஓடவில்லை. நாவலில் கோர்ட் என்றால் என்ன பேச்சு, என்ன நிசப்தம். விருதுநகர் கோர்ட் வராந்தாவில் சுண்டல் விற்கிறார்கள்.

யார் யார் என்று குறித்து வைக்கிறேன். ஆறு மாதம் கழித்துப் படித்தால் எனக்கே குழம்பும்.

புராணத்தய்யா: புராணம் சொல்பவர். அவர் உட்கார்ந்தால் சாத்தூரிலிருந்தும் அருப்புக்கோட்டையிலிருந்தும் தனி பஸ். எங்கள் பிரஸ் காலண்டரில் முருகனுக்கு அடுத்தபடி இவர் குடும்பப் படத்துக்குத்தான் ஆர்டர்.

சின்னய்யா: அவருடைய இளைய மகன். இரண்டாம் எதிரி. ஜாமீனில் இருக்கிறார்.

சங்கரலிங்கம்: முதல் எதிரி. புராணத்தய்யா வீட்டில் காவல்காரராக இருந்தவர். சிவகாசிப் பக்கம் நாரணாபுரம் பட்டாசு ஷெட்டுக்கு லைசென்ஸ் இவர் பேரில். ஜாமீனுக்கு ஆள் இல்லை, சித்திரையிலிருந்து சப்ஜெயில்.

சித்திரையில் அந்த ஷெட்டில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. அவசர ஆர்டர் என்று அறைக்குள் ஆளை அடைத்து வைத்திருந்தார்களாம். மூன்று பெண்கள் போய்விட்டார்கள். ஒருத்திக்கு என் வயது.

சர்க்கார் சொல்வது: ஷெட் சின்னய்யாவுடையது, சங்கரலிங்கம் பேருக்குத்தான். சின்னய்யா சொல்வது: எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, திறப்பு அன்று திருநீறு கொடுக்கப் போனேன். சின்னய்யா சொல்வது நின்றால் சங்கரலிங்கம் மட்டும் ஜெயிலுக்குப் போவார். வழக்கு இவ்வளவுதான்.

வழக்கு இவ்வளவு என்றால் கூட்டம் எவ்வளவு! பத்து மணிக்குச் சின்னய்யா காரிலிருந்து இறங்கியதும் பெண்கள் தரையில் விழுந்தார்கள். அவரும் குற்றவாளி மாதிரியே இல்லை. சட்டைப்பையிலிருந்து திருநீற்றை எடுத்து எல்லார் நெற்றியிலும் இட்டுக்கொண்டே நடந்தார். ஒரு ஹெட் கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிக் குனிந்தார். பின்னால் கைவிலங்கோடு வந்த சங்கரலிங்கத்துக்கு வழிவிடத்தான் ஒருவரும் இல்லை.

கேட்டவை:

"சின்னய்யா மெலிஞ்சு போயிட்டாகளே!"

"விரதம்லா. கேசு முடியிற மட்டும் ஒரு பொழுதுதான்."

"அந்தா நிக்கானே, அவன்தான் லைசென்ஸ்காரன். முழியைப் பாத்தாலே தெரியுதுல்லா?"

டவாலிச் சேவகர் கத்தினார்: "கோர்ட்டுக்குள்ள சூடம் ஏத்துனது யாரு? இது என்ன கோயிலா?" அத்தையின் முந்தானை முடிச்சில் தீப்பெட்டி.

கொத்தமல்லி மண்டி வீட்டு அம்மாளும் வந்திருந்தார். தை மாதம் எனக்கு மாமியாராகப் போகிறவர். அத்தையும் அவரும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டு மணி நேரம் ஊறுகாய்ப் பேச்சு. வழக்கு நாளைக்கு இல்லை, வியாழனுக்குத் தள்ளிவைப்பு. வீட்டுக்கு வந்து தலை முழுகினேன்.

ஆவணி 9, செவ்வாய்

மேகம் கூடி, கலைந்து, ஏமாற்றம்.

அப்பா நேற்று சாயந்தரம் கொண்டுவந்த காலண்டர் புரூப் பார்த்தேன். பிழைகள்:

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை இரண்டு தடவை.

ஒரு அமாவாசையைக் காணோம்.

புராணத்தய்யா குடும்பப் படத்தில் இடது ஓரம் சின்னய்யா. பக்கத்தில் அப்பாவின் பென்சில் கேள்விக்குறி.

கேள்விக்குறிக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். படத்திலிருந்து எடுத்தால் அந்த வீட்டு ஆர்டரே போய்விடும். எடுக்காமல் விட்டு அவருக்குத் தண்டனையும் கிடைத்தால், ஜெயிலில் இருப்பவர் வீட்டுக்கு வீடு சுவரில் ஒரு வருஷம் தொங்குவார். கேள்விக்குறிக்குக் கீழே "மாஜிஸ்திரேட்டைக் கேட்கவும்" என்று எழுதினேன். அப்பா சிரிக்கவில்லை. சாதாரணமாகச் சிரிப்பவர்.

ஆவணி 11, வியாழன்

ஷெட்டின் போர்மேன் இன்று சாட்சி. "எனக்குத் தெரியாதுங்க" பதினேழு தடவை. விரல் விட்டு எண்ணினேன், வேறு என்ன செய்ய?

சங்கரலிங்கத்துக்கு வாதாடுபவர் சிவகாசிக்காரர், சின்ன வயசு, கறுப்புக் கோட்டின் முழங்கை தைத்திருக்கிறது. சின்னய்யாவுக்கு மதுரையிலிருந்து பெரிய வக்கீல். சிவகாசி வக்கீல் ஒரு பட்டாசு லேபிளைத் தூக்கிக் காட்டினார்.

"இந்த லேபிளை அச்சுக்குக் கொடுத்தது யார்?"

"எனக்குத் தெரியாதுங்க." பதினெட்டு.

லேபிளைப் பார்த்தேன். மஞ்சள் நிறத் தாழம்பூ, ஓரத்தில் பச்சை மடல். எங்கள் பிரஸ் வேலை. கல்லில் படம் வரைந்து அடிக்கும் கல்லச்சில் அந்த மஞ்சள் எங்கள் ஆர்ட்டிஸ்டுக்குத்தான் வரும். மாசியில் இந்த லேபிளுக்காக அப்பா சாப்பாட்டு நேரத்தில் புலம்பியது ஞாபகம் வந்தது. "அம்மன் படம் வரஞ்சு கல்லுல ஏத்தியாச்சு. இப்பம் வேண்டாங்காரு. பூ வேணுமாம். ரெண்டு நாள் வேலை போச்சு." வேண்டாம் என்றது யார்? சின்னய்யா. அவர் பெயரைச் சொல்லித்தான் அப்பா புலம்பினார். எனக்கு நன்றாக நினைவு இருக்கிறது. ரசத்தில் உப்பு இல்லை என்றும் சொன்னார்.

திங்கட்கிழமை அப்பா சாட்சி. குமாஸ்தா சம்மன் பெயர்களைப் படித்தபோதுதான் தெரிந்தது. வீட்டில் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மத்தியானம் குழாயடியில் தண்ணீர் குடிக்கப் போனேன். சங்கரலிங்கத்தின் மனைவி பேச்சியம்மாள் அங்கே உட்கார்ந்திருந்தாள். தினமும் வருகிறாள், உள்ளே விடுவதில்லை, இடம் இல்லை என்று.

"உள்ள என்ன தாயி சொல்லுதாக? இங்கிலீசும் தமிழும் மாத்தி மாத்திப் பேசுதாக, ஒண்ணும் வெளங்கல."

சொன்னேன்.

"எம் புருசன் கைநாட்டு தாயி. பெருவிரலை எங்கன வைக்கச் சொன்னாகளோ அங்கன வச்சான். 'ஒனக்கு ஒரு கொறையும் வராதுப்பா, சாமி வீட்டுக் காரியம்'னு சொன்னாக. சாமி வீடுன்னா வைக்காம இருப்பமா? நீங்க சொல்லுங்க."

தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இரண்டு தடவை குடித்தேன், தாகமே இல்லை.

ஆவணி 12, வெள்ளி

லைப்ரரிக்குப் போகவில்லை. அபராதம் கட்ட வேண்டும்.

டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தேன். அப்பா கொண்டுவரும் பழைய புரூப் தாள்களை நான் எறிவதில்லை. நல்ல கெட்டித் தாள், பின்பக்கம் வெள்ளை. நாட்குறிப்பு, படித்ததில் பிடித்த வரிகள், யாருக்கும் போடாத கடிதங்கள் எல்லாம் அதில்தான். நோட்டு வாங்கித் தர அப்பா தயார். எனக்குத்தான் கோடு போட்ட தாளில் எழுத வராது.

கிடைத்துவிட்டது. கிடைத்திருக்க வேண்டாம்.

முன்பக்கம்: நாலு லேபிள், நாலிலும் அம்மன். குறுக்கே சிவப்பு மையில் அடித்து, ஓரத்தில்:

"அம்மன் படம் வேண்டாம். வெடித்துக் கீழே விழும், காலில் மிதிபடும். அப்பா மனம் நோகும். பூசைக்கு ஆகாத பூ எதாவது போடவும். தாழம்பூ போடலாம். நாரணாபுரம் ஷெட்டுக்கு வைகாசிக்குள் வேண்டும்."

கீழே கையெழுத்து இல்லை. மனம் நோகும் அந்த அப்பா புராணத்தய்யாதான். பத்துத் தடவை படித்தேன். படத்தில் இருக்கும் அம்மன் மிதிபடக் கூடாதென்று இவ்வளவு யோசித்திருக்கிறார். ஒரு பூவைக்கூடச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. மருந்து ரூமுக்கு இதில் கால்வாசி யோசனை போதுமாக இருந்திருக்கும்.

பின்பக்கம்: என் எழுத்து. மாசி 19. மண்டி வீட்டார் பெண் பார்க்க வந்த நாள். அங்கே என்ன எழுதியிருக்கிறேன் என்பதை இங்கே மறுபடி எழுதப் போவதில்லை.

ஆவணி 13, சனி

அப்பா சீக்கிரம் வந்தார். அத்தை கோயிலுக்குப் போயிருந்தாள். கேட்டுவிட்டேன்.

"தாழம்பூ லேபிள் ஆர்டர் யாருப்பா குடுத்தது?"

"சங்கரலிங்கம்." கண்ணாடியைத் துடைத்தார். "போலீசுலயும் அப்பிடித்தான் எழுதிக் குடுத்திருக்கேன்."

"கைநாட்டுப் போடுறவரா 'பூசைக்கு ஆகாத பூ போடவும்'னு எழுதுனாரு?"

கண்ணாடி துடைப்பது நின்றது.

"எங்க பாத்தே அதை?"

"எம் பெட்டியில இருக்கு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு, "கல்லை அன்னைக்கே அரைச்சு அழிச்சாச்சு. ஆர்டர் நோட்டுல பேரில்லை. அந்த ஒரு தாளுதான் மிச்சமா?" என்றார். பழக்கத்தில் தொழில் கணக்காகவே கேட்டார். அப்புறம் குரல் மாறியது. "நம்ம பிரஸ்ஸுல முப்பது குடும்பம் சாப்பிடுது பாப்பா. அந்த வீட்டுக் காலண்டர் போனா அவுகளைப் பாத்து எல்லாருமே போயிருவாக. ஊர்ல ஒருத்தன் ஒரு நோட்டீசு அடிக்க வர மாட்டான்."

"அந்த ஆளு ஜெயிலுக்குப் போவாருப்பா."

"லைசென்ஸ் அவன் பேருலதானே இருக்கு?"

இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதி.

"அதை எங்கிட்டக் குடுத்துரு" என்றார். "தேடி எடுத்துத் தாரேன்" என்றேன். இரண்டு பேருக்கும் பொய் என்று தெரியும். அத்தை வந்துவிட்டாள், புளியோதரைப் பிரசாதம்.

ஆவணி 14, ஞாயிறு

முட்டாள்தனங்களின் பட்டியல், இன்றைக்கு:

1. தாளை நீராவியில் காட்டி முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இரண்டாக உரிக்க முடியுமா என்று பார்த்தேன். மூலை சுருண்டதுதான் மிச்சம்.

2. பின்பக்கத்தில் ஒரே ஒரு வரியின் மேல் மை தடவினேன். முன்பக்கம் அம்மன் முகத்தில் கறுப்பாக ஊறியது. உடனே நிறுத்தினேன்.

3. முன்பக்கத்தைப் பார்த்து அப்படியே வேறு தாளில் எழுதினேன். என் கையெழுத்து. எனக்கே சிரிப்பு வந்தது.

சாயந்தரம் அத்தை இழுத்துக்கொண்டு போனாள். மாரியம்மன் கோயில் பந்தலில் புராணத்தய்யா. மகன் வழக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் கதை சொன்னார். குரலைத் தாழ்த்திக்கொண்டே போய், ஓரிடத்தில் நிறுத்தி, அங்கவஸ்திரத்தால் முகத்தை மூடிக்கொண்டார். பந்தலே அழுதது. நானும். இவர் போலி என்று நினைக்க முடிந்தால் நல்லது, முடியவில்லை. மூன்று தாய்மார் சிவகாசிப் பக்கத்தில் இருக்கிறார்களே, அவர்களைப் போய்ப் பார்த்தீர்களா ஐயா என்று கேட்கவும் தைரியமில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் மேலேயே எரிச்சல்.

ஆவணி 15, திங்கள்

காலையில் அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். அத்தை பூக்காரியிடம் பேரம். கூடையில் தாழம்பூ ஒன்று. "இதைத் தலைக்கு வச்சுக்கோ, சாமிக்கு வச்சிராதே" என்று எனக்கு உபதேசம். "பிரம்மாவுக்காகப் பொய்ச்சாட்சி சொன்ன பூ. அதான் சிவன் தள்ளி வச்சிட்டாரு."

அப்பா பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பித்தானை இரண்டு தடவை போட்டார். இதை ஒரு கதையில் யாராவது எழுதியிருந்தால் ரொம்ப ஜோடிப்பு என்று புத்தகத்தை மூடியிருப்பேன்.

கோர்ட்டில் அப்பாவின் சாட்சி ஐந்து நிமிஷம். கேட்டவர் சிவகாசி வக்கீல்.

"லேபிள் ஆர்டர் யார் கொடுத்தது?"

"சங்கரலிங்கம்."

"எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?"

"புரூப் தாளெல்லாம் நாங்க வச்சிக்கிறது இல்லைங்க."

சங்கரலிங்கம் அப்பாவைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. பஸ்ஸில் இடம் இல்லை என்று கண்டக்டர் சொன்னால் பார்ப்போமே, அப்படி.

மதுரை வக்கீல் குறுக்கு விசாரணையே இல்லை என்று கைகூப்பினார். சின்னய்யா அப்பாவுக்குத் திருநீறு கொடுத்தார். அப்பா வாங்கிக்கொண்டார். நெற்றியில் இடவில்லை, கையில் வைத்துக்கொண்டே வீடு வரை நடந்தார். சாப்பிடவில்லை.

மண்டி வீட்டு அம்மாள் போகும்போது என் கன்னத்தைத் தொட்டு, "ஒங்கப்பா தங்கம்மா" என்றார்.

ஆவணி 16, செவ்வாய்

தலைவலி. புரூப் பார்க்கவில்லை. பால் திரிந்துவிட்டது.

ஆவணி 17, புதன்

கொடுத்துவிட்டேன்.

அத்தையிடம் லைப்ரரி என்று சொல்லிவிட்டுப் போனேன். சிவகாசி வக்கீல் கோர்ட் எதிரில் காப்பிக் கடை பெஞ்சில் வழக்குக் கட்டோடு உட்கார்ந்திருந்தார். முன்பக்கம் படித்தார். எழுந்துவிட்டார். திருப்பினார்.

"பின்னால படிக்காதீங்க."

"மன்னிச்சுக்கோங்கம்மா, முதல் வரியிலயே கண்ணு போயிருச்சு. மாசி 19னு தேதி இருக்கு."

"அதுக்கென்ன?"

"தேதிதாம்மா உயிர். இது இல்லேன்னா நேத்து யாரோ எழுதிக் குடுத்தது, கேசுக்காகத் தயார் பண்ணதுன்னு சொல்லிருவாக. வெடிவிபத்து சித்திரையில. இது மாசி. பின்பக்கம் இல்லாம முன்பக்கத்துக்கு மதிப்பில்லை."

"அப்போ பின்பக்கமும் கோர்ட்டுக்குப் போகுமா?"

"போகும். நீங்களும் வரணும். உங்க கையெழுத்துன்னு நீங்கதானே சொல்ல முடியும்? நான் அதைச் சத்தமா வாசிக்க மாட்டேன். மதுரைக்காரர் வாசிப்பாரு." தாளை என் பக்கம் நீட்டி, "வேண்டாம்னா எடுத்துட்டுப் போயிருங்க. நான் பாத்ததாவே காட்டிக்க மாட்டேன்" என்றார்.

நியாயமானவர்களும் இப்படி முடிவை நம் தலையிலேயே வைத்துவிடுகிறார்கள். தாளை அவர் கட்டுக்குள் நானே செருகினேன். காப்பி வேண்டுமா என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பாதி வழி வந்தபிறகு வேண்டும்போல இருந்தது.

ஆவணி 19, வெள்ளி

எனக்குச் சம்மன். வீட்டு வாசலில் டவாலி. அப்பா வாங்கிப் பார்த்து என்னிடம் கொடுத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் தயாராக வைத்திருந்தேன்.

அத்தை: "ஏட்டி, ஒனக்கு எதுக்குடி கோர்ட்டுல கூப்பாடு?"

"ஒரு காகிதம், அத்தை."

"காகிதம் காகிதம்னு நான் அன்னைக்கே சொன்னேன். பொம்பளைப் பிள்ளைக்கு எம்புட்டுப் படிப்பு! இப்பம் காகிதமே கோர்ட்டுக்குக் கூப்பிடுது."

நாலு நாளாக அப்பாவும் நானும் ஒரே பந்தியில் சாப்பிட்டு ஒரு வார்த்தை இல்லை. ஊறுகாயைத் தள்ளுகிறார், நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆவணி 22, திங்கள்

எழுதிவிட வேண்டும், நாளைக்கு மறைக்கத் தோன்றும்.

கூண்டுப் பலகை ஆடுகிறது. பெயர், தகப்பனார் பெயர். சிவகாசி வக்கீல் தாளைக் காட்டினார். பின்பக்கம் என் எழுத்து, அன்றைய தேதி என்றேன். முன்பக்கம்? யார் எழுதினார் என்று நான் பார்க்கவில்லை, அம்மன் படம் வேண்டாம் என்றது சின்னய்யா என்று அப்பா வீட்டில் சொன்னார் என்றேன். மதுரை வக்கீல் எழுந்து, கேள்விப்பட்டதெல்லாம் சாட்சியாகாது, இது யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய குறிப்பு, என் கட்சிக்காரருக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றார். சரிதான், எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

சிவகாசி வக்கீல் குறிப்பை வாசித்தார். நிதானமாக. "வெடித்துக் கீழே விழும், காலில் மிதிபடும்... பூசைக்கு ஆகாத பூ எதாவது போடவும்..."

வராந்தாவில் முதலில் ஒரு முனகல். பிறகு அத்தையின் குரல், ஊருக்கே கேட்கும்படி:

"பாத்தியளா! அம்மன் படம் மிதிபடக் கூடாதுன்னு நெனைக்க நம்ம சின்னய்யாவை விட்டா யாரு இருக்கா!"

"ஆமா! அவுக மனசு அப்பிடி!"

"சாமீ!" கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

சின்னய்யா திரும்பினார். எந்த ஊரில் யார் வாழ்த்தினாலும் செய்வதைப்போல, கண்ணை லேசாக மூடி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டு அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டார்.

கை தலைக்கு மேலே இருக்கும்போதே மதுரை வக்கீல் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். மாஜிஸ்திரேட் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். பேனாவை எடுத்தார். எழுதினார். தான் என்ன செய்தோம் என்று அத்தைக்கு இந்த நிமிஷம் வரை தெரியாது.

அடுத்து மதுரை வக்கீல் முறை. அவருக்குக் கோபம், யார் மேலாவது காட்ட வேண்டும். தாளைத் திருப்பினார்.

"தேதி நீங்கள் போட்டது. இதையும் நீங்கள்தான் எழுதினீர்களா? வாசிக்கிறேன். 'காப்பி டம்ளரைச் சத்தம் வராமல் கீழே வைத்தார். கைகள் அழகாக இருந்தன. அந்தக் கைகளையே நினைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஒன்றும் படிக்கவில்லை.'"

சிரிப்பு. சுண்டல்காரர்கூட.

"'அவர் அம்மா வாயைத் திறந்தால் மூடுவதற்குத் தனியாக ஆள் வைக்க வேண்டும்.' இதுவும் உங்கள் எழுத்தா?"

"ஆமாம்."

"இப்படி மனம் போனபடி கற்பனை செய்து எழுதுகிறவர் முன்பக்கத்தையும் எழுதியிருக்கலாமே?"

"கற்பனை இல்லை. அவர் கைகள் அழகாகத்தான் இருந்தன."

எப்படி வந்தது அந்தப் பதில், தெரியவில்லை. மாஜிஸ்திரேட் "போதும், தாளை வைங்க" என்று அதட்டினார், வக்கீலைத்தான். கூண்டைவிட்டு இறங்கும்போது மண்டி வீட்டு அம்மாள் உட்கார்ந்திருந்த இடம் காலி.

அப்பாவை நாளைக்கு மறுபடி விசாரிக்க உத்தரவு.

வீட்டில் அத்தை: "கையைப் பத்தி எழுதுற வயசாடி இது?" பிறகு கொஞ்ச நேரம் கழித்து, அவளால் அடக்க முடியாமல்: "அப்பிடி என்ன கை?"

ஆவணி 23, செவ்வாய்

விடியற்காலை தூறல். தெரு நனையும் முன்பே நின்றுவிட்டது.

அப்பா பஸ்ஸுக்குப் போகவில்லை. கோர்ட்டுக்கு என்னோடு நடந்து வந்தார். அத்தை வரவில்லை, காலையில் மண்டி வீட்டிலிருந்து யாராவது வந்தால் ஆள் வேண்டும் என்றாள். வந்தால் நிச்சயத் தட்டோடுதான் வருவார்கள், திருப்பிக் கொடுக்க. வழியில் அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்: "அரைச்சு அழிச்ச கல்லுல மறுபடி படம் ஏத்துறோமே, பழசு எப்பவாவது தெரியுமா?" தெரியாது என்றேன். "சில கல்லுல தெரியும்" என்றார்.

மதுரை வக்கீல் இன்று ரொம்ப மரியாதை. "ஐயா, நீங்கள் பெரிய தொழிலதிபர். சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவர். போன வாரம் இதே கூண்டில் சங்கரலிங்கம் ஆர்டர் கொடுத்தார் என்று சொன்னீர்கள். அதற்கு மாறாக உங்கள் மகள் சொல்வது பொய்தானே?"

அப்பா கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சொன்னதுதாங்க பொய்."

"யோசித்துப் பேசுங்கள்."

"எட்டு நாளா யோசிச்சிட்டேங்க. தாளைக் கொண்டாந்து எங்கையில குடுத்தது சின்னய்யா. எம் முன்னாலதான் அந்தக் குறிப்பை எழுதுனாரு. சிவப்பு மை எம் மேசையில இருந்தது."

"முன்பு ஏன் வேறு மாதிரி சொன்னீர்கள்?"

"பயம்."

மாஜிஸ்திரேட் அந்த ஒரு வார்த்தையையும் எழுதிக்கொண்டார். பொய்ச் சாட்சிக்காக அப்பா மேல் தனி நடவடிக்கை வரலாம் என்றும் எச்சரித்தார். "சரிங்க" என்றார் அப்பா. சின்னய்யா யாரையும் பார்க்கவில்லை. வராந்தாவில் பாதிப் பேர் இல்லை. இருந்த பாதி, எங்களைப் பார்த்தால் பாவம் என்பதைப்போலச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. தீர்ப்பு அடுத்த மாதம். அதுவரை சங்கரலிங்கத்தைச் சொந்த ஜாமீனில் விட உத்தரவு.

விலங்கு கழற்றியதும் அவர் குழாயடிக்கு வந்தார். பேச்சியம்மாள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தலையிலிருந்து கால் வரை அவரைப் பார்த்து, "பல்லு ஒண்ணைக் காணோமே" என்றாள். "விழுந்திருச்சு" என்றார். அவ்வளவுதான்.

என்னைப் பார்த்ததும் வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று, வெட்கமில்லாமல், முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"அந்தக் காயிதம் ஒங்க பெட்டியிலதான் இருந்துச்சா தாயி?"

"ஆமாம்."

"சித்திரையில இருந்தேவா?"

"மாசியிலிருந்து."

விரல் விட்டு எண்ணினாள். சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி. எண்ணிய விரல்களை மடக்கவில்லை, அப்படியே பிடித்திருந்தாள்.

"நாரணாபுரத்துல வெடிச்சது ஒங்க வீட்டுல தெரியும்லா? பூப்போட்ட லேபிளுன்னும் தெரியும்லா?"

தெரியும். பேப்பரில் வந்தது. படித்தேன். ஐயோ என்றேன். பக்கத்தைத் திருப்பினேன்.

"தெரியும்" என்றேன்.